கேட்கக் கூடாத கேள்விகளா?

தெற்கு அந்தமானில் உள்ள ஜிர்காடாங் போலீஸ் சாவடியில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே தடுப்புக் கம்பம் உயரும். அங்கிருந்து வாகனங்கள் போலீஸ் காவலுடன் வரிசையாகப் புறப்பட்டு, ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையை அடைய வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. புகைப்படம் எடுக்கக் கூடாது. காட்டிலிருந்து வருவோருக்கு எதையும் கொடுக்கக் கூடாது. நீரிணைக்கு அப்பால் பாராடாங் தீவு. சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் காண வரும் பயணிகளும், சிகிச்சைக்காகவும் அலுவலக வேலைக்காகவும் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்று திரும்பும் தீவு மக்களும் ஒரே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் கரோனா அச்சம் எழுந்ததும் தீவுகளில் சுற்றுலா நிறுத்தப்பட்டது. இந்தச் சாலையில் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. ஜாரவாக்கள் சாலையை விட்டு விலகி மேற்குக் கடற்கரையை ஒட்டிய காடுகளுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். இவை சரியான முடிவுகள் என்பதில் ஐயமில்லை. 1877இல் போர்ட் பிளேர் குடியிருப்பிலிருந்து பரவிய தட்டம்மை கிரேட் அந்தமானியரைக் கொத்துக் கொத்தாகப் பலி கொண்டது. 1858இல் ஆங்கிலேயர் கைதிகளைக் குடியேற்றியபோது சில ஆயிரம் பேராக இருந்த அந்த இனம், 1901 கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1961இல் 19 பேராகவும் சுருங்கியது. ஜாரவாக்கள் வெளியுலகத்தாரோடு பழகத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே, 1999இல், தட்டம்மை அவர்களையும் எட்டியது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர்தான். எனவே, சாலையை மூடியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

நமது கேள்வி வேறு. இவ்வளவு நியாயமான ஒரு நடவடிக்கையைக்கூட மக்கள் முழு மனதுடன் நம்பத் தயங்குகிறார்கள் என்றால் அது ஏன்?

ஜாரவா காப்புக் காட்டின் வழியே செல்லும் சாலைப் பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002 மே மாதத்தில். தீவுகளின் உயிர்நாடியான சாலையை மூட இயலாது என்று நிர்வாகம் கூறிவந்தது. சாலை மூடப்படவே இல்லை. உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடச் சொல்லும் ஒளிப்பதிவு 2012 ஜனவரியில் உலகெங்கும் தலைக்குனிவை ஏற்படுத்தியது. அதற்கு ஓராண்டு கழித்து, 2013 ஜனவரியில், சுற்றுலாப் பயணிகள் இச்சாலையில் செல்ல உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில வாரங்களில் அந்தத் தடையும் விலகியது. பயணிகளை ஏற்றிய வாகனங்கள் மீண்டும் வரிசை கட்டின. நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியும் "மூட முடியாது" என்றிருந்த சாலையில், 2020இல் ஒரு நிர்வாக ஆணை போதுமானதாக இருந்தது. பின்னர் சுற்றுலா திறந்தபோது, ஜாரவாக்களின் பாதுகாப்பு என்ற அதே காரணம் யாருக்கும் நினைவில் இல்லை. குகைக்குப் படகு ஓட்டிப் பிழைக்கும் பாராடாங் தொழிலாளி, "எது உண்மையான காரணம்?" என்று கேட்டால் அவரை அறியாமையில் உழல்பவர் என்று ஒதுக்கிவிட முடியுமா? அவருக்கு இருப்பது நினைவாற்றல்.

சரி, அவர் அந்தக் கேள்வியை எங்கே கேட்பது? அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. உள்துறை அமைச்சகத்தின் கீழ், துணைநிலை ஆளுநர் மூலம் நடைபெறும் ஆட்சி. தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஒரு உறுப்பினர். ஆக, பாராடாங்கின் குறை சபையேற வேண்டுமென்றால் அதற்குரிய ஒரே சபை தில்லியில்தான் இருக்கிறது. அந்தச் சபையில் 2020 செப்டம்பர் மழைக்காலக் கூட்டத்தொடரின்போது கேள்வி நேரம் முற்றிலுமாகக் கைவிடப்பட்டது; பூஜ்ய நேரம் அரை மணியாகச் சுருக்கப்பட்டது. எழுத்துபூர்வமான பதில்கள் மட்டும் உண்டு. எழுதிக் கொடுத்த பதிலை மறித்துத் துணைக் கேள்வி கேட்க முடியாது என்பதை அவை நடவடிக்கைகளை அறிந்தவர்கள் அறிவார்கள். அமைச்சர்கள் அஞ்சுவது துணைக் கேள்விக்குத்தான்.

வெளியே கேட்டவருக்கு என்ன நேர்ந்தது? கரோனா நோயாளியிடம் தொலைபேசியில் பேசியதற்காக ஒரு குடும்பத்தையே வீட்டில் தனிமைப்படுத்துவது ஏன் என்று, 2020 ஏப்ரல் இறுதியில், போர்ட் பிளேர் பத்திரிகையாளர் ஒருவர் சமூக ஊடகத்தில் நிர்வாகத்திடம் கேட்டார். வதந்தி பரப்பினார் என்று அவரைக் கைது செய்தது காவல்துறை. அந்த வழக்கை 2021இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் குடும்பத்தைத் தனிமைப்படுத்தியதற்கு மருத்துவக் காரணம் இருந்தால், இரண்டு வரி விளக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

இது தீவுகளுக்கு மட்டும் உரிய நோயல்ல. நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முடக்கப்பட்டது. வீடு திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது அத்தகைய விவரம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் என்று மாநிலங்கள் தனியாக எவரையும் குறிப்பிடவில்லை என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையில் பதில் அளிக்கப்பட்டது. அந்தக் கோடையில் உருளைக்கு வரிசையில் நின்றவர்கள் அந்தப் பதிலைப் படித்திருப்பார்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கரோனாவையொட்டி ஏறத்தாழ 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 5 லட்சத்துக்கும் குறைவு. மதிப்பிட்ட முறையே தவறு என்றது மத்திய அரசு. கணக்குமுறை குறித்து வாதிடலாம்; ஆனால் தன் வீட்டு மரணம் எந்தக் கணக்கிலும் இல்லை என்று அறிந்தவரிடம் அந்த வாதம் எடுபடாது.

கட்டுப்பாடுகளுக்குத் துணை நின்ற சட்டங்களில் ஒன்று 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். இயற்றப்பட்டபோது அதில் இருந்தவை நான்கே பிரிவுகள்: அதிகாரம் யாருக்கு, மீறினால் என்ன தண்டனை, அதிகாரிக்கு என்ன பாதுகாப்பு என்பனவே அதன் உள்ளடக்கம். மக்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்த ஆண்டிலேயே புணேயில் பிளேக் தடுப்பு என்ற பெயரில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை நடத்தியதும், பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும், திலகர் மீது ராஜத்துரோக வழக்கு பாய்ந்ததும் வரலாறு. பிளேக்கைவிட அதன் தடுப்பு நடவடிக்கைக்கு மக்கள் அதிகம் அஞ்சிய காலம் அது.

இவ்வாறெல்லாம் சொல்வதால், ஐயப்படுவோர் சொல்வது அனைத்தும் சரி என்றாகிவிடாது. தடுப்பூசி குறித்தும் கிருமி குறித்தும் பரவிய புரளிகள் உயிர்களைக் குடித்தன. பாராடாங் சாலையில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விமானத்தில் வந்திறங்கும் ஒருவர் அரசின் எச்சரிக்கையை நம்பாமல் இருமிக்கொண்டே பயணம் செய்தால், அவருடைய ஐயத்துக்கு விலை கொடுக்கப் போவது அவரல்லர். சாலையோரத்தில் நிற்கும் ஜாரவா சிறுவன். 2020 ஆகஸ்டில், ஐம்பதைச் சற்றே தாண்டிய கிரேட் அந்தமானிய இனத்தில் 10 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் சிலர் இருந்தது, பாராடாங்குக்குக் கிழக்கே உள்ள ஸ்ட்ரெய்ட் தீவில். நல்ல வேளையாக அவர்கள் குணமடைந்தனர். இரண்டாம் முறையும் நல்ல வேளையை நம்பியிருப்பது ஆட்சி ஆகாது. அரசு தன் சொல்லின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளும்போது, அந்தச் சொல்லைத் தவிர வேறு வேலி இல்லாதவர்கள்தான் முதலில் வெளியே நிற்கிறார்கள்.

1897ஆம் ஆண்டுச் சட்டம் போதுமானதல்ல என்று 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையமே தனது 286ஆவது அறிக்கையில் கூறியிருக்கிறது. அதற்கு மாற்றாக வரும் எந்தச் சட்டத்திலும், ஒவ்வொரு கட்டுப்பாட்டு ஆணையும் அதன் காரணத்தையும் முடியும் நாளையும் தாங்கியிருக்க வேண்டும் என்ற விதி இடம்பெறுவது அவசியம். குறிப்பிட்ட நாள்களுக்குள் அவை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். சட்டப்பேரவை இல்லாத ஒன்றியப் பிரதேசங்களின் ஆணைகளை நிலைக்குழு ஒன்று பரிசீலிக்க வேண்டும். அந்தமான் டிரங்க் சாலையைப் பொருத்தவரை, எந்த நிலையில் மூடப்படும், எந்த நிலையில் திறக்கப்படும் என்பதை அடுத்த தொற்று வருவதற்கு முன்பே, பாராடாங் மக்களையும் கலந்து, இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் எழுதி ஜிர்காடாங் சாவடியில் ஒட்டிவைக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

2025 ஜனவரியில் ஜாரவாக்களில் 19 பேர் முதன்முறையாக வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அடையாள அட்டையும் வழங்கப்பட்டது. தங்கள் காட்டின் வழியே செல்லும் சாலை குறித்து 2002இல் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு என்னவாயிற்று என்று கேட்கும் உரிமை இப்போது அவர்களுக்கும் உண்டு.