பச்சையைத் தாண்டிப் பார்க்க வேண்டிய மண்

அம்பேவலப் பண்ணையின் மேய்ச்சல் வெளியைப் பார்ப்பவர் எவரும் அதன் பச்சையைத்தான் முதலில் வியப்பார். ஆனால் நுவரெலியாப் பக்கத்தில் பச்சையை மட்டும் நம்பி மண்ணை எடைபோட முடியாது. மழையும் பனிமூட்டமும் சத்திழந்த மண்ணையும் இங்கே பசுமையாகவே காட்டும். பச்சை எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சாணியும் மூத்திரமும் விழுந்த இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகக் கொழுத்து, சுற்றிலும் வெளிறிக் கிடந்தால் அந்த நிலத்தில் தழைச்சத்து குறைவு. வெள்ளைக் குளோவர் மறைந்து பன்னச் செடி ஏறினால் அமிலத்தன்மை மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேயிலை விரும்பும் 4.5 முதல் 5.5 வரையிலான பிஎச் அளவு குளோவருக்கு ஒத்துவராது. ஆகவே தேயிலைக்கு நல்ல மண் புல்லுக்கும் நல்ல மண் என்று தோட்டங்களில் எண்ணிவிடக் கூடாது. கோரை முளைத்து, குளம்புத் தடங்களில் நீர் தேங்கினால் மண் இறுகி மூச்சுமுட்டுகிறது. கூழாங்கற்கள் சிறு மண்தூண்களின் மேல் நின்றால், சுற்றியிருந்த மேல்மண்ணை மழை கொண்டுபோய்விட்டது.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும்போது கண்ணால் ஏன் கணிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆய்வுகூடம் பிஎச் அளவையும் சத்துகளையும் துல்லியமாகச் சொல்லும். ஆனால் பையில் அள்ளிச் சென்ற மண்ணில், அது நிலத்தில் எவ்வளவு இறுகியிருந்தது என்பது தெரியாது. நியூசிலாந்தில் கிரகாம் ஷெப்பர்ட் 2000இல் வெளியிட்ட கண்வழி மண் மதிப்பீட்டு முறை இதற்குத்தான் உதவுகிறது: 20 சென்றிமீற்றர் மண்கட்டியை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து அதிகபட்சம் மூன்று தடவை போட்டு, எப்படி உடைகிறது என்று பார்ப்பார்கள். பொலபொலவென உதிர்ந்தால் நல்லது. பெரிய கோணக் கட்டிகளாகப் பிளந்தால் வேருக்கு வழியில்லை. மண்வெட்டி போதும் என்பதால் லயத்தில் ஒரு பசு வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இது எட்டும். குளிரில் சாணி மெதுவாகவே மட்கும் என்பதால், அது நெடுநாள் கிடப்பதை மட்டும் வைத்து மண் செத்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. சாணிக்கு அடியில் புழுத் துளைகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: நிலம் தோட்டத்துக்குரியது, தொழிலாளி அதில் என்ன செய்ய முடியும்? கான் ஓரத்திலும் மலைச் சரிவிலும் அறுத்த புல் பசுவுக்குப் போகிறது. சாணி மரக்கறிப் பாத்திக்குப் போகிறது. புல் தந்த இடத்துக்கு எதுவும் திரும்புவதில்லை. அங்கே புல் மெலிந்து மண் தெரிவதற்கு அறுப்பவரை மட்டும் குறை கூறுவது அநியாயம். எந்தச் சரிவில் எவ்வளவு காலம் அறுக்காமல் விட வேண்டும், மட்கிய எருவை எங்கே திருப்பிப் போட வேண்டும் என்பதை நிர்வாகமும் மாடு வளர்ப்போரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அந்தப் பேச்சில் தினமும் அந்தப் புல்லை அறுப்பவரின் கண் கண்டதற்கு ஆய்வறிக்கைக்குச் சமமான இடம் தர வேண்டும்.