நேபாளம் போக எந்த மாதம்?

சேமித்த பணத்தோடு நேபாளம் போக நினைக்கிறீர்களா? டிக்கட் எடுக்குமுன், எதைப் பார்க்க ஆசை என்று உங்களையே கேளுங்கள். பனிமலைகளென்றால் ஒக்டோபர், நவம்பர்; மழை கழுவிவிட்ட வானம் அப்போது தெளிந்திருக்கும். மலைச்சரிவுகளில் லாலிகுராஸ் சிவந்து பூப்பது மார்ச், ஏப்ரலில். சித்வான் காட்டுக் காண்டாமிருகத்துக்குப் பெப்ரவரி, மார்ச் நல்லது. உயர்ந்த புல் அப்போது குறைந்திருக்கும்.

நண்பரொருவர் பிள்ளைகளின் ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு போனார். ஐந்து நாளும் மேகம். மண்சரிவில் பாதை அடைபட்டு, அட்டைக்கடியோடு திரும்பினார், பாவம்! ஆகஸ்டை விட்டால் வழியில்லை என்பவர்கள் அன்னபூர்ணாவுக்கு வடக்கே முஸ்தாங் போகலாம். மழைமேகத்தை அம்மலைகளே மறித்துவிடுகின்றன. ஆனால் பொக்காராவில் மேகம் சூழ்ந்தால் ஜொம்சொம் விமானம் பறக்காது. கையில் இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.