பொம்மைப் படமும் சிரிப்புப் படமும்

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குகிற காலேஜ் பசங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சுமார் 40 கிலோமீட்டர். ஜன்னல் சீட் கிடைத்தவன் தூங்குவான். கிடைக்காதவன் கம்பியில் சாய்ந்துகொண்டு போனைத் தட்டுவான். எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வடிவேலு ஓடிக்கொண்டிருப்பார். நூறு முறை பார்த்த காமெடி, டயலாக் மனப்பாடம், ஆனாலும் சிரிப்பு வரும். அதே பையனிடம் "ஒரு நல்ல அனிமேஷன் படம் இருக்கு, பாக்கறியா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது சின்னப் பசங்க படம் மச்சி" என்று பதில் வரும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அவன் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு கார்ட்டூன் தான்!

'டாம் அண்ட் ஜெர்ரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் ஹன்னாவும் பார்பெராவும் ஆரம்பித்தது. ஏழு ஆஸ்கர் வாங்கியது. அதில் டாம் பூனை என்ன செய்யும்? திட்டம் போடும், வீராப்பாக நடக்கும், அடி வாங்கும், தட்டையாகிப் போகும், அடுத்த காட்சியில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வரும். இப்போது 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ளையை நினைத்துப் பாருங்கள். அதே வீராப்பு, அதே அடி, அதே எழுந்து வருதல். கவுண்டமணி - செந்திலும் அப்படித்தான். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழ விவகாரத்தை அப்படியே பென்சிலில் வரைந்து ஓடவிடலாம், ஒரு டயலாக்கைக்கூட மாற்ற வேண்டாம்.

இது சும்மா ஒப்பிடுவதற்காகச் சொல்வதும் இல்லை. 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) இயக்கிய சிம்புதேவன், சினிமாவுக்கு முன்னால் ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர். படத்தைப் பார்த்தாலே தெரியும். மீசை ஒரு கார்ட்டூன். அரசரின் தலையைக் கட்டுமஸ்தான உடம்பின் மேல் ஒட்டி வரைந்த அந்த ஓவியம் இன்னொரு கார்ட்டூன். ஜாதிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு மைதானம் கட்டித் திறந்துவைக்கும் காட்சி இருக்கிறதே, அது ஒரு பக்கக் கேலிச்சித்திரத்தை அப்படியே உயிரோடு நிற்க வைத்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்கள் அந்தக் காட்சிக்குச் சிரித்துவிட்டு, கொஞ்சம் அக்கம்பக்கம் பார்ப்பார்கள். ஏன் என்று எழுதத் தேவையில்லை. தமிழில் "பார்த்தே ஆகணும்" என்று தயங்காமல் சொல்லக்கூடிய காமெடிப் படங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

புலிகேசியின் இரட்டையர் கதைக்குப் பின்னால் 1958-ல் வந்த 'உத்தமபுத்திரன்' நிழலாடும். அதில் இரட்டை வேடம் போட்டவர் சிவாஜி கணேசன். 1928-ல் விழுப்புரத்தில் பிறந்தவர். நம்ம ஊர்க்காரர் என்று பெருமை பேசுகிறவர்கள் கூட வீரபாண்டிய கட்டபொம்மனையும் சிவபெருமானையும் தான் சொல்வார்கள். சிரிக்க வைத்த சிவாஜியை யாரும் கண்டுகொள்வதில்லை. 'சபாஷ் மீனா'வில் (1958) சந்திரபாபு ஆடித் தீர்க்கட்டும் என்று விட்டுக்கொடுத்து நிற்பார். ஒரு ஹீரோவுக்கு அது சாதாரண விஷயமா? 'பலே பாண்டியா'வில் (1962) சிவாஜிக்கு மூன்று வேடம், எம்.ஆர்.ராதாவுக்கு இரண்டு வேடம். இருவரும் சேர்ந்து பாடுகிற அந்தக் காட்சியில் ராதாவின் முகத்தை மட்டும் பாருங்கள். எந்தக் கார்ட்டூன்காரனும் அத்தனை கோணல்களை வரைய மாட்டான். 'ஊட்டி வரை உறவு' (1967), 'கலாட்டா கல்யாணம்' (1968) இரண்டும் மழை நாளில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க ஏற்றவை. பாட்டியும் சிரிப்பார், பேரனும் சிரிப்பான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு கார்ட்டூன் ரத்தம் ஓடுகிற தமிழ் சினிமாவில் ஏன் ஒரு நல்ல அனிமேஷன் காமெடி இல்லை?

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ரஜினி கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடிய 'ராஜா சின்ன ரோஜா' 1989-லேயே வந்துவிட்டது. 'ஆளவந்தான்' (2001) படத்தில் சண்டைக்கு நடுவே திடீரென்று கார்ட்டூனுக்கு மாறுவார்கள். படம் எப்படியோ, அந்த யோசனை அட்டகாசம். இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' என்று ஒரு முழுநீள அனிமேஷன் படமே 2007-ல் வந்தது. வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள், கை தூக்க ஆளிருக்காது.

பிறகு 2014-ல் 'கோச்சடையான்'. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் உருவம் கொடுக்கிற முறை. ஆசை பெரிசு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மொத்தப் படத்தின் கவலையும் "ரஜினி ரஜினி மாதிரி தெரிகிறாரா?" என்பதிலேயே நின்றுவிட்டது. அனிமேஷன் என்றால் மனுஷன் ரப்பராக நீளலாம், காதில் புகை விடலாம், மலை மேலிருந்து விழுந்து தட்டையாகலாம். இவ்வளவு சுதந்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, நிஜ ஆளைப் போலவே ஒரு ஆளைச் செய்வதற்கு ஏன் இத்தனை செலவு? நிஜ ஆள் தான் போயஸ் கார்டனில் இருக்கிறாரே! காமர்ஸ் படிக்கிற எந்தப் பையனும் இந்தக் கணக்கில் சிவப்பு மையால் ஒரு சுழி போடுவான் :-)

அதே படத்தில் நாகேஷையும் கொண்டுவந்தார்கள். அவர் இறந்தது 2009-ல். ஐந்து வருஷம் கழித்து கம்ப்யூட்டரில் திரும்பி வந்தார். முகம் இருந்தது. நாகேஷ் இல்லை. நாகேஷ் என்பது முகமா? அந்த ஒல்லி உடம்பு, எலும்பே இல்லாத மாதிரி வளையும் கைகால், வாய் ஒன்று சொல்ல முழங்கால் வேறொன்று சொல்லும் அந்த நடை... அது பிறவியிலேயே கோட்டோவியம். இன்னும் சொன்னால், தமிழின் மிகச் சிறந்த அனிமேஷன் காட்சியை நாகேஷ் 1964-லேயே செய்துவிட்டார். 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம். திரையில் பேய் கிடையாது, கதவு கிடையாது, ஒன்றுமே கிடையாது. ஒரு ஆள் கையையும் குரலையும் வைத்துக்கொண்டு சத்தம் எழுப்புகிறார், எதிரே ஒருவர் நடுங்குகிறார். பார்க்கிறவர்களுக்கு மட்டும் எல்லாமே தெரிகிறது. இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி காட்டுவதற்குத்தானே அனிமேஷன் என்று பெயர்? கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் அந்தக் காட்சியைப் பத்து முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

முகத்துக்குப் பஞ்சம் என்றால் செஞ்சிப் பக்கம் போகலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பாருங்கள். தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், முகம் நிறைய அரிதாரம். மனுஷனை மனுஷனை விடப் பெரிசாக்குகிற வித்தை அது. படுகளத்தன்று மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் மல்லாந்து கிடப்பான். எல்லாவற்றுக்கும் மேலே கட்டியங்காரன். ராஜா கம்பீரமாக வந்து நிற்பார், இவன் பக்கத்தில் நின்றுகொண்டு ராஜாவையே ஓட்டுவான். நடுராத்திரியில் பாயில் சுருண்டு கிடக்கும் பொடிசுகள் அவன் குரல் கேட்டால் தான் எழுந்து உட்காரும்.

2000-ல் சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 'பாண்டவாஸ்' என்று பாரதக் கதையை முப்பரிமாண அனிமேஷனாக எடுத்தது. இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! கூத்து நடக்கிற ஊரிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் எடுத்த படம், கட்டியங்காரன் இல்லாமலே முடிந்துவிட்டது.

2025 ஜூலையில் வந்த 'மகாவதார் நரசிம்மா' தமிழ் டப்பிங்கோடு ஊர் ஊராக ஓடியது. இந்திய அனிமேஷன் படங்களிலேயே அதிக வசூல் அதற்குத்தான். குடும்பம் குடும்பமாகப் போனார்கள், அதில் சந்தோஷமே. கடைசி அரைமணி நேரம் தியேட்டரில் பார்க்க வேண்டியது. ஆனால் சிரிப்பு? இரணியன் கதையைக் கூத்தில் பார்த்தவர்களுக்கு எது குறைகிறது என்று சட்டென்று புரியும்.

இதில் ஒரு ஆறுதல், டப்பிங். 2007-ல் சுட்டி டிவி வந்த பிறகு தான் பல வீடுகளில் கார்ட்டூன் தமிழ் பேசியது. டோரா தமிழில் வழி கேட்டாள், ஜாக்கி சான் தமிழில் உதை வாங்கினார். அந்த ஜாக்கி சான் தொடரின் வசனங்களை இன்றைக்கும் ஒப்பிக்கிற பசங்க இருக்கிறார்கள். 2019 'லயன் கிங்' தமிழில் ஸ்காராகப் பேசியவர் அரவிந்த்சாமி. ஆனால் தியேட்டரைக் கலக்கியது அவர் இல்லை. டிமோன் - பும்பாவாகப் பேசிய சிங்கம்புலியும் ரோபோ சங்கரும். ஸாஸு பறவைக்கு மனோபாலா. ஆக, அமெரிக்கப் பன்றியும் கீரியும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொந்தமானது நம்ம காமெடி நடிகர்களின் தொண்டையால். மனோபாலா 2023-ல் போய்விட்டார், ரோபோ சங்கர் 2025-ல். அந்தக் குரல்கள் மட்டும் காட்டில் திரிந்துகொண்டிருக்கின்றன.

வெளியூர்ப் படங்களில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு: 'ராட்டடூயி' (2007). சமைக்கிற எலி. கடுகடு விமர்சகர் ஒரு வாய் சாப்பிட்டதும் அம்மா சமையலறை வாசலுக்குப் போய் நிற்பாரே, ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் கர்சீப்போடு பார்க்கவும். அடுத்து மியாசாகியின் 'மை நெய்பர் டொட்டோரோ' (1988). மழை கொட்டும் இருட்டில் இரண்டு சிறுமிகள் அப்பா வரும் பஸ்ஸுக்காக நிற்பார்கள். சின்னது தூங்கிப் போக, பெரியது முதுகில் சுமந்துகொள்ளும். பஸ் வராது. பக்கத்தில் ஒரு பெரிய பிராணி, தலையில் ஒரு இலையோடு, அதுவும் பஸ்ஸுக்குத்தான் நிற்கும். அவ்வளவே காட்சி. கூட்டேரிப்பட்டில் மழையில் நின்று, மயிலம் பக்கம் போகிற பஸ் வருமா வராதா என்று இருட்டைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சின்னப் பசங்க படம் என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக 'ஃப்ளோ' (2024). லாட்வியா என்ற சின்ன நாட்டுக்காரர் எடுத்தது, சென்னை மாநகரத்தில் பாதி ஜனம் கூட அந்த நாட்டில் கிடையாது. பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் செய்தார்கள். யார் வேண்டுமானாலும் இன்று ராத்திரியே இறக்கிக்கொள்ளலாம். 2025-ல் பெரிய கம்பெனிகளை எல்லாம் ஓரம்கட்டி ஆஸ்கர் வாங்கியது. படத்தில் ஒரு வசனம் கிடையாது ('பேசும் படம்' 1987-லேயே நமக்கு அது பழக்கம் தான், அதையும் பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள்). ஒரு கறுப்புப் பூனை. வெள்ளம் ஏறுகிறது. ஏறிக்கொண்டே இருக்கிறது. பூனை ஒரு படகில் தொற்றிக்கொள்கிறது, கூடவே ஒரு நாய், ஒரு பறவை, இன்னும் இரண்டு பேர். யாருக்கும் யாரையும் பிடிக்காது. ஆனால் படகு ஒன்று தான்.

2024 டிசம்பர் முதல் தேதி விடிந்தபோது ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியிருந்தது. விழுப்புரத்துத் தெருக்களில் படகு போயிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓட, தென்மாவட்ட ரயில்கள் நின்றன. மொட்டை மாடியில் மனுஷர்களும் கோழிகளும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். யார் வீட்டு நாயோ யார் வீட்டுப் படிக்கட்டிலோ நின்றது, யாரும் விரட்டவில்லை.

அந்த வாரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின் முதல் கால்மணி நேரத்திலேயே தொண்டை அடைக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் படகில் ஒரு லெமூர், பளபளக்கிற சாமான்களை எல்லாம் கூடையில் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரும். உலகமே முழுகுகிறது, அதற்குக் கண்ணாடி முக்கியம்! சிரிப்பு வரும். மாடியில் பீரோ சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயாவின் ஞாபகமும் வரும்.