துறைகளுக்கு இடையே வேலி எதற்கு?

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், நம்மவர் இல்லங்களிற் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை முடித்ததும் எழும் முதற் கேள்வி ஒன்றே: "கணிதப் பிரிவா, உயிரியற் பிரிவா?" கலைப் பிரிவைப் பற்றிப் பேசுவோர் குரலைத் தாழ்த்தியே பேசுவர். பதினாறு வயதில் இடப்படும் இந்த வேலி, அப்பிள்ளை பல்கலைக் கழக விரிவுரையாளரான பின்னரும் அகற்றப்படுவதில்லை. இரசாயனம் கற்பிப்பவர் நாடகம் எழுதினால் அதனைப் பொழுதுபோக்கு என்கின்றோம். தமிழ் கற்பிப்பவர் கணிதத்தைத் தொட்டாலோ, இவருக்கு வேறு வேலை இல்லையா என வினவுகின்றோம்.

இம்மனப்பான்மை சரியென்றால், இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரையே நாம் தவறான மனிதர் என்று கொள்ளவேண்டிவரும். 1942 இல் அப்பல்கலைக் கழகம் கொழும்பிலே தோன்றியது. 1943 இல் தமிழ்ப் பேராசிரியர் பதவியை விபுலானந்த அடிகள் ஏற்றார். காரைதீவிற் பிறந்த அவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அதே ஆண்டிற் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அவர் கற்பித்தது விஞ்ஞானம். 1920 இல் இலண்டன் பல்கலைக் கழகம் அவருக்கு அளித்ததும் விஞ்ஞானப் பட்டமே.

அவருடைய யாழ் நூல் எப்படிப் பிறந்தது? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலும் யாழின் பெயர்கள் உண்டு. நரம்புகளின் தொகையும் உண்டு. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று ஏடு சொல்லும். ஆனால் அக்கருவியைக் கையில் எடுத்து மீட்டுவார் எவருமிலர். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மேற்குரல் ஒலிக்கும், மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி ஒலிக்கும் என்பது பௌதிக ஆசிரியருக்குப் பால பாடம். அப்பால பாடத்தைக் கொண்டே அடிகள் பழைய பாலைகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். தமிழ் மட்டும் கற்ற புலவரால் இது முடிந்திராது. பௌதிகம் மட்டும் கற்றவரோ அக்காதையைத் திறந்தே பார்த்திரார்! 1947 ஜூன் மாதம் நூல் அரங்கேறியது. ஜூலையில் அடிகள் மறைந்தார். அவர் முடிவுகள் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்ததும் உண்டு. மறுப்பதற்கும் அவர் போட்ட கணக்கே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அடிகளுக்குப் பின் அப்பீடத்தில் அமர்ந்த பேராசிரியர் கணபதிப்பிள்ளை சாசனத் தமிழை ஆராய்ந்தவர். அவரே யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழியில் நாடகங்களும் எழுதினார். பேராசிரியர் வித்தியானந்தன், கமக்காரர் தம் ஊர்க்களரியில் ஆடிவந்த கூத்தைக் 'கர்ணன் போர்' என்றும் 'இராவணேசன்' என்றும் பல்கலைக் கழக மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர் பலர் 'நாட்டுப்புறத்தான் ஆட்டம்' என்று ஒதுக்கிய கலை அது.

ஒருவர் தம் துறையில் ஆழ வேரூன்றாமல் நாலு துறையிலும் நுனிப்புல் மேய்வதை நாம் ஆதரிக்கவில்லை. அத்தகையோரையும் நாம் மேடைகளிற் கண்டதுண்டு; அவர்களைப் பற்றி இங்கே எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

இது படித்தவர்களின் விவகாரம், கமக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வலிகாமத்துத் தோட்டக்காணியின் கிணற்றை எட்டிப் பாருங்கள். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே இடுவது விரைவாகவே கீழே இறங்கும். தோட்டத்துக்கு இடும் பசளையிலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று கிணற்று நீரிற் கலக்கிறது என்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். இது இரசாயனவியலாரின் பிரச்சினையா, மருத்துவரின் பிரச்சினையா, விவசாய பீடத்தின் பிரச்சினையா? பசளையைக் குறைத்தால் வெங்காயத்தின் விளைச்சலும் கடனும் என்னாகும் என்பதைப் பொருளியலாளர் அல்லாமல் யார் சொல்வர்? இவர்கள் அனைவரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தாலும், அம்முடிவு பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகையில் அச்சாகிறது. கிணற்றுக்குச் சொந்தக்காரர் அதனைக் காண்பதேயில்லை. இத்தனைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலே, வயல்களின் நடுவிலேயே இருக்கிறது.

விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியாது என்னும் பழைய சாக்கு இனிச் செல்லாது. 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் விபுலானந்த அடிகளே.

ஆகவே பல்கலைக் கழகங்களை நடத்துவோரிடம் நாம் கேட்பது இதுதான். பதவி உயர்வுக்குப் புள்ளி இடும்போது, பிற துறையாரோடு சேர்ந்து செய்த ஆய்வுக்கும், மேடையேறிய நாடகத்துக்கும், தமிழில் எழுதிய விஞ்ஞான நூலுக்கும் ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரைக்கு நிகரான மதிப்பு வழங்குக. அதற்கான ஓய்வு நேரத்தையும் அளித்திடுக. கிணற்று நீர் பற்றிய அடுத்த ஆய்வு முடிந்ததும், அதன் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கமநல சேவை நிலையத்தின் சுவரில் அதே மாதத்தில் ஒட்டப்படட்டும்.