கிளாரினெட்டும் பாலித்தீவின் கதையும்

இரண்டு மரபுகளை ஒருவர் இணைத்துவிட்டார் என்று புகழப்படும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இணைந்தனவா, அல்லது ஒன்று மற்றொன்றை விழுங்கியதா? அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர் எவன் ஜிப்போரின் இசையமைப்பாளராக வளர்ந்த வரலாறு இவ்வையத்திற்கு ஏற்ற உரைகல்.

1959இல் சிகாகோவில் பிறந்த அவர், 1981இல் பாலித்தீவுக்குச் சென்று மடே லெபா என்னும் மூத்த கலைஞரிடம் காமெலான் பயின்றார். காமெலான் என்பது வெண்கலக் கருவிகளைப் பலர் கூடி முழக்கும் குழுவிசை. அதில் இணைக்கருவிகள் இரண்டையும் வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி சேர்ப்பர். அவ்விலகலால் ஒலி அலையலையாய்த் துடிக்கும். (நம் சபாக்களில் முகஞ்சுளிக்க வைப்பது அங்கே அழகு!) ஆகவே மேலைக்கருவிகளோடு அது எளிதில் ஒத்துப்போகாது.

இப்பொருந்தாமைக்கு ஜிப்போரின் கண்ட விடை கதை என்பதே நம் கருத்து. 2001இல் 'ஷேடோபேங்' என்னும் படைப்பில், இ வாயன் விஜா என்னும் பாலிப் பாவைக்கலைஞரோடு மின்கிதாரும் செல்லோவும் கிளாரினெட்டும் கொண்ட குழுவைச் சேர்த்தார். பாலியின் நிழற்கூத்தில் பாவைகளை ஆட்டுபவரே பாத்திரங்கள் அனைத்துக்கும் குரல் கொடுப்பார். கால்விரலிடுக்கில் பற்றிய கட்டையால் பெட்டியைத் தட்டி இசைஞர்க்குக் குறிப்பும் தருவார். நம் தோற்பாவைக்கூத்தை அறிந்தவர்க்கு இவ்வுலகம் அயலன்று. அங்கே இசை, கதைக்குப் பணிந்தே நடக்கும்.

2009இல் உபுதில் அரங்கேறிய 'எ ஹவுஸ் இன் பாலி' என்னும் இசைநாடகம் இன்னும் துணிவானது. 1930களில் அத்தீவில் வீடு கட்டி வாழ்ந்த காலின் மெக்ஃபீ என்னும் இசையமைப்பாளரின் நினைவுநூலே அதன் மூலம். அவருக்கு அக்காலத்தில் துணையாயிருந்தவரும் மடே லெபாதான்! மேலைக்குழுவும் காமெலானும் ஒரே அரங்கில் இசைக்கின்றன. இரண்டின் சுருதியும் ஒன்றாவதில்லை. வெறும் கருவியிசையில் பிழையாகத் தோன்றக்கூடிய அவ்விடைவெளி, அயலான் ஒருவன் ஓர் ஊரை நேசித்தும் முழுதாய் அறியமுடியாத கதையில் பொருளுடையதாகிறது. கலப்பிசை என்று விளம்பரப்படுத்தப்படும் எத்தனையோ தட்டுகளில் நாம் காணாத நேர்மை இது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆற்றுவெள்ளத்தில் மெக்ஃபீயைக் காத்து, பின் அவர் ஆதரவில் நடனக்கலைஞனாய் வளர்ந்த சம்பிஹ் என்னும் சிறுவனை மூலநூல் மெக்ஃபீயின் கண்வழியாகவே காட்டுகிறது. 1952இல் அமெரிக்க மேடைகளில் ஆடிப் புகழ்பெற்ற சம்பிஹ், 1954இல் பாலியில் கொலையுண்டார். 1940களிலேயே அச்சாகிவிட்ட அந்நூலில் இவையெவையும் இல்லை.