நடுவர் கண்ணும் கருவியின் கண்ணும்

சென்ற தவணையில் எங்கள் கல்லூரி மைதானத்திலே இல்லங்களுக்கிடையான உதைபந்தாட்டப் போட்டி நடைபெற்றது. ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவராக நின்றவன் நானே. துணுக்காயில் மாலைக் காற்று எழுந்தால் புழுதியும் உடனெழும். காலையில் இட்ட சுண்ணாம்புக் கோடு மாலைக்குள் பாதி மறைந்துவிடும். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், கோல் கம்பத்தருகே உருண்ட பந்தை ஒரு மாணவன் காலால் இழுத்துக் கொடுக்க, மற்றொருவன் அதனைக் கோலுக்குள் செலுத்தினான். நான் ஊதினேன். அந்தக் கோலே வெற்றியைத் தீர்மானித்தது.

தோற்ற இல்லத்தார் முறையிட்டனர். "நடுவர் தீர்ப்பே முடிவு" என்று அவர்களை அடக்கினேன். மறுநாட் காலை மாணவனொருவன் தன் தமையனின் கைத்தொலைபேசியை நீட்டி, "சேர், இதைப் பாருங்கோ" என்றான். வேலியோரம் நின்று எடுத்த படம் அது. இழுக்கப்படுமுன் பந்து கோட்டுக்கப்பால் ஒரு சாண் தூரம் போயிருந்தது!

அன்பர்களே, அன்று என் நினைவு கட்டார் நாட்டுக்குச் சென்றது. 2024 யூன் 11ஆம் திகதி தோகா நகரில், உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியொன்றில் இந்தியாவும் கட்டாரும் மோதின. சாங்தே அடித்த கோலால் இந்தியா முன்னணியில் நின்றது. 73ஆவது நிமிடத்தில், காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து தடுத்த பந்து எல்லைக்கோட்டைக் கடந்து உருண்டது. கட்டார் வீரரொருவர் அதனை மீட்டிழுக்க, யூசுப் ஐமன் கோலாக்கினார். நடுவர் அதனை ஏற்றுக்கொண்டார். பின்னர் இன்னொரு கோலும் விழ, இந்தியா 2-1 எனத் தோற்று, அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பையும் இழந்தது. அந்தச் சுற்றில் காணொளி நடுவர் முறை கைக்கொள்ளப்படவில்லை. வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பிழையைக் கண்டார்கள். தீர்ப்பளிக்க வேண்டியவருக்கு மாத்திரம் அதனைத் திரும்பப் பார்க்க வழியில்லை.

இதே கட்டாரில் 2022 டிசெம்பர் 1ஆம் திகதி நிகழ்ந்ததையும் எண்ணிப் பாருங்கள். உலகக் கிண்ணப் போட்டியில் ஸ்பெயினுக்கெதிராக யப்பான் வீரர் மித்தோமா கோட்டருகே இழுத்துக் கொடுத்த பந்தைத் தனாக்கா கோலாக்கினார். பந்து வெளியே போயிற்றென்றே பலரும் எண்ணினர். ஆனால் பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் வெளியே என்பது விதி. 42 கமராக்களின் படங்களைப் பார்க்க வசதி பெற்றிருந்த காணொளி நடுவர்கள், பந்தின் விளிம்பு இன்னும் கோட்டின் மேலேயே நின்றதெனக் கண்டனர். கோல் நிலைத்தது, யப்பான் 2-1 என வென்றது. ஓரிடத்தில் மயிரிழையையும் அளந்தார்கள்; மற்றோரிடத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்ததும் கணக்கில் வரவில்லை. நியாயமும் வசதியுள்ள மேடையிலேதான் கிடைக்குமா என்று இளைஞர்கள் கேட்டால், அவர்களைக் குறை கூறலாமா?

காணொளி நடுவர் முறை 2018இல் ஆட்ட விதிகளிற் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டே ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் கைக்கொள்ளப்பட்டது. கோல், தண்ட உதை, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கு விடயங்களிலேயே அது அப்போது தலையிட்டது. இறுதித் தீர்ப்போ மைதானத்தில் நிற்கும் நடுவருடையதே. கருவி தீர்ப்பளிப்பதில்லை, தன் தவறைத் தானே திருத்திக்கொள்ள நடுவருக்கு உரிய வேளையில் இடமளிக்கிறது. அதுவே அதன் பெரும்பயன் என்பேன். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பக்கஞ் சாராதிருத்தல் மட்டுமன்று, தன் பிழையின் பக்கமும் சாராதிருத்தலே நடுவு நிலைமை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

வசதி குறைந்தோருக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தில் எளிய முறையொன்று பரீட்சிக்கப்பட்டது. அங்கே தனியான காணொளி நடுவர்கள் இல்லை. பயிற்றுநர் மறுபரிசீலனை கேட்கலாம். நடுவர் தாமே படத்தைப் பார்த்து முடிவு செய்வார்.

இரண்டு இல்லத்து மாணவரையும் அழைத்து, "பிழை என்னுடையது" என்று கூறினேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் தோற்ற அணித் தலைவன் எழுந்து, "நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் சேர், ஆனால் கோல்?" என்றான். முடிந்த ஆட்டத்தை மாற்ற என்னால் இயலவில்லை. அவனுக்கு நான் கொடுக்கக்கூடியது ஒன்றே இருந்தது. அடுத்த போட்டியில் கோல் கோட்டுக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் கைத்தொலைபேசியுடன் நிற்பார். அணித் தலைவர் ஒவ்வொருவரும் ஒரு முறை மறுபரிசீலனை கேட்கலாம். கேட்கும்போது நான் சினங்கொள்ளலாகாது என்பதும் விதி. அந்த விதியைச் சேர்க்கச் சொன்னவனும் அவனே!