ஆளில்லாத வீட்டின் தண்ணீர்



கனடாவின் மஸ்கோகாவிலோ ஹலிபேர்ட்டனிலோ ஏரிக்கரையில் கொட்டேஜ் வைத்திருப்பவர்களை நினைத்து இம்முறை எழுதுகிறேன். கோடை முழுவதும் பிள்ளைகளின் சத்தம் கேட்ட வீடு குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும். அதன் குழாய்களுக்குள் தண்ணீர் நிற்கிறதா?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பனிக்கட்டி குழாயின் சுவரை நெருக்கிப் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய சிங்க் பைப்புக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழி இராது. அழுத்தம் ஏறி, பனியே இல்லாத இடத்தில்கூடக் குழாய் வெடிக்கும். கடுங்குளிர் இரவில் பைப்பை மெல்ல ஒழுக விடச் சொல்வது இதனால்தான். வெடித்தது உடனே தெரியாமலும் போகலாம். பனி உருகிய பிறகே தண்ணீர் கொட்டும். தண்ணீர் மோட்டாரும் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கும்.

ஆளில்லாத வீடு குளிர்வதை அறிய, இணையம் வருமுன்பே ஓர் எளிய கருவி இருந்தது. மின்செருகியில் அதைப் பொருத்தி, ஒரு மேசை விளக்கை அதில் மாட்டி, ஜன்னலோரம் வைப்பார்கள். வீட்டின் சூடு குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் விளக்கு எரியும். அவ்வழியே போகும் அயலவர் கண்டு, வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுப்பார். அந்த ஏற்பாட்டில் விளக்கைவிட அயலவரையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று உள்ளங்கையளவு சென்சர் ஒன்று வீட்டின் வெப்பநிலையைக் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. கட்டாயம் வாங்குங்கள். ஆனால் வரவேற்பறை மேசையில் வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்கின் அடியிலோ, தரைக்குக் கீழே குழாய் ஓடும் இடத்திலோ வையுங்கள். குளிர் முதலில் அங்கேதான் புகும். எச்சரிக்கை அளவையும் பூச்சியத்துக்குக் கிட்ட வைக்க வேண்டாம். மஸ்கோகாவின் ஹன்ட்ஸ்வில் ரொறன்ரோவிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தூரம். பனி கொட்டும் இரவில் நெடுஞ்சாலை 11இல் எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று யார் சொல்ல முடியும்? 10 பாகையில் எச்சரிக்கை வந்தால்தான் ஏதாவது செய்ய அவகாசம் கிடைக்கும்.

இன்னொன்று. 2025 மார்ச் கடைசியில் ஒரில்லியா, மஸ்கோகா, கவார்த்தா பக்கங்களில் உறைமழை மரங்களையும் மின்கம்பிகளையும் முறித்துப் போட்டது. பல வீடுகளில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் ஹீட்டர் நிற்கும். வைஃபையும் கூடவே நிற்கும். வைஃபையை மட்டும் நம்பிய சென்சர், பேச வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். ஆகவே பற்றரியும் கைத்தொலைபேசி வலையமைப்பும் கொண்டதைத் தேடுங்கள். சென்சரிடமிருந்து செய்தி வராமல் போனால், அதையே எச்சரிக்கையாக உங்களுக்கு அறிவிக்கும் சேவையும் அதற்கு இருக்கட்டும்.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். குளிர்காலத்தில் தொடர்ந்து 4 நாட்களுக்கு மேல் வீட்டில் இல்லையென்றால், ஒருவர் தினமும் வந்து சூட்டைப் பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்று கனடாவின் பல பத்திரங்கள் சொல்கின்றன. சென்சர் இருக்கிறது என்பதை அதற்கு ஈடாக ஏற்பார்களா என்று உங்கள் முகவரிடமே கேளுங்கள்.

குளிர்காலம் முழுக்கப் போகப்போவதில்லை என்றால், தண்ணீரை மூடி வடித்துவிடுவதையே நான் சொல்வேன். வோட்டர் ஹீட்டரையும் மலசலகூடத் தொட்டியையும் மறக்க வேண்டாம். சிங்கின் கீழுள்ள வளைவுகளில் ஊற்றுவதற்குக் குழாய்களுக்கென்று விற்கும் உறைதடுப்புத் திரவமே வேண்டும். காருக்கு ஊற்றுவது நஞ்சு.

போய்வருவதாக இருந்தால், அங்கே ஆண்டு முழுவதும் குடியிருக்கும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வையுங்கள். தண்ணீரை மூடும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்